சம்பளப் புகாருக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்யும் ஒரு தம்பியின் கேள்வி இது. வந்து 22 மாதம் ஆகிறது. ஐபிஏ கடிதத்தில் (வேலைக்கு வரும் முன் கிடைக்கும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம்) மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தது, கைக்கு வருவது நாளுக்கு 20 வெள்ளிக் கணக்கு. ஓ.டி.யும், அதாவது கூடுதல் நேர வேலைக்கான காசும், அந்த 20-ஐ வைத்தே போடுகிறார்கள். போன இரண்டு மாதமாக அதுவும் பாதிதான். புகார் கொடுத்தால் பெர்மிட்டை வெட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ரூமில் பயமுறுத்துகிறார்கள். போவதற்கு முன்னால் என்னென்ன தயார் செய்ய வேண்டும், வீட்டில் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, எங்கே போவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று உங்களுக்கே தெரிய வேண்டும். "கம்பெனி ஏமாத்துறாங்க சார்" என்று போய் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "எந்த மாதம், எவ்வளவு?" அங்கேயே வாய் அடைத்துவிடும். நானும் ஒரு காலத்தில் அப்படி நின்றவன்தான். 2013-இல் எனக்குச் சம்பளம் கவரில் வரும், வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்வேன். அப்போது பே ஸ்லிப் கட்டாயமில்லை. நான்கு மாத ஓ.டி. வரவில்லை என்று கேட்கப் போனபோது, நான் போட்ட கையெழுத்துகளையே எடுத்து மேசையில் வைத்தார்கள். என் பக்கம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அந்தக் காசு போனது போனதுதான்.

இப்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2016 ஏப்ரல் 1 முதல், விவரம் பிரித்துக் காட்டும் பே ஸ்லிப்பைக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். சம்பளத்தோடு சேர்த்தோ, அதிகபட்சம் மூன்று வேலை நாளுக்குள்ளோ தர வேண்டும். சம்பளத்தையும் மாதம் முடிந்து 7 நாளுக்குள் போட வேண்டும், ஓ.டி. பணத்தை 14 நாளுக்குள். உங்களுக்கு இரண்டு மாதமாகப் பாதிதான் வருகிறது என்றால் அந்தக் கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. இன்னும் பொறுத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். நோட்டு ஒன்று, பேனா ஒன்று, போன் கால்குலேட்டர் போதும்.

முதலில் ஐபிஏ கடிதத்தை எடுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன் தமிழிலும் ஒரு பிரதி கிடைத்திருக்கும். அதில் 800 என்ற எண் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "அடிப்படை மாதச் சம்பளம் 800" என்று இருந்தால் ஒரு கணக்கு. "அடிப்படை 520, அலவன்ஸ் 280, மொத்தம் 800" என்று இருந்தால் வேறு கணக்கு, ஏனென்றால் ஓ.டி. போடுவது அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான், அலவன்ஸ் அதில் சேராது. அதே கடிதத்தில் தங்குமிடம், சாப்பாடு என்று எவ்வளவு பிடிக்கலாம் என்பதும் இருக்கும். அதைத் தாண்டிப் பிடித்திருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். லெவி (வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக அரசுக்குக் கட்டும் கட்டணம்) என்று சொல்லி உங்கள் சம்பளத்தில் கை வைக்கவே கூடாது, அது முதலாளி கட்ட வேண்டிய பணம்.

இன்னொன்றையும் நன்றாக யோசித்துப் பாருங்கள். இடையில் எப்போதாவது "சம்பள மாற்றம்" என்று ஏதாவது பேப்பரில் கையெழுத்து வாங்கினார்களா? ஐபிஏ-வில் சொன்ன சம்பளத்தைக் குறைக்க உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் (எம்ஓஎம்) தெரிவித்திருக்க வேண்டும். அப்படிக் கையெழுத்துப் போட்ட ஞாபகம் இருந்தால் மறைக்காதீர்கள். உதவி செய்ய வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கம்பெனி அதைக் காட்டும்போது அவர் முதல்முறையாகப் பார்ப்பது உங்களுக்கு நல்லதில்லை.

இப்போது உங்கள் கேஸில் அடிப்படையே 800 என்று வைத்துக்கொண்டு ஒரு மாதத்தைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு மணி நேரச் சம்பளம்: 800-ஐ 12-ஆல் பெருக்கினால் 9,600. அதை 52 × 44, அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். 52 என்பது வருஷத்தின் வாரங்கள், 44 என்பது வாரத்தின் சாதாரண வேலை மணி. வருவது ஏறக்குறைய 4 வெள்ளி 20 காசு. ஓ.டி. என்றால் அதில் ஒன்றரை மடங்கு, 6 வெள்ளி 29 காசு. கம்பெனி போடுவது என்ன? 20-ஐ 8-ஆல் வகுத்து 2.50, ஒன்றரை மடங்கு 3.75. மணிக்கு 2 வெள்ளி 54 காசு குறைகிறது. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். மாதம் 70 மணி ஓ.டி. என்றால் 177 வெள்ளி 80 காசு.

அடிப்படையில் உள்ள குறை தனி. 20 வெள்ளி வீதம் 26 நாள் 520, வர வேண்டியது 800, மாதம் 280 குறை.

ஞாயிற்றுக்கிழமை வேலை அதற்கும் தனி. உங்கள் ஓய்வு நாளில் கம்பெனி கேட்டு நீங்கள் முழு நாள் போனால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும், அரை நாளுக்குள் முடிந்தால் ஒரு நாள் சம்பளம். ஒரு நாள் சம்பளம் என்பது 9,600-ஐ 52 × 6, அதாவது 312-ஆல் வகுத்தால் வரும் 30 வெள்ளி 77 காசு. இரண்டு நாளுக்கு 61.54. அவர்கள் "ஒன்றரை" என்று 30 வெள்ளி போட்டிருந்தால், ஒரு ஞாயிறுக்கு 31.54 குறை. மாதம் இரண்டு ஞாயிறு என்றால் 63 வெள்ளி 8 காசு. "நானே கேட்டுத்தான் வந்தேன்" என்று எழுதி வாங்கியிருந்தால் தொகை பாதியாகிவிடும். அதனால் "சண்டே எல்லாரும் வரணும்" என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போட்ட மெசேஜ் தங்கம் மாதிரி.

மூன்றையும் கூட்டினால் மாதம் 520 வெள்ளி 88 காசு. 12 மாதத்துக்கு 6,250 வெள்ளியைத் தாண்டுகிறது. போன இரண்டு மாதமாக அவர்கள் கணக்குப்படியே பாதி நிற்கிறதே, அது இதற்கு மேல்.

ஏன் 12 மாதத்தோடு நிறுத்தினேன் என்றால், வேலையில் இருக்கும்போது புகார் கொடுப்பவர் பிரச்சினை நடந்த ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள். நீங்கள் வந்து 22 மாதம். முதல் 10 மாதம் ஏற்கெனவே கையை விட்டுப் போய்விட்டது. இனி ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் பின்பக்கமாக ஒரு 520 வெள்ளி உதிர்கிறது. "போனஸ் வாங்கிட்டுப் போகலாம்", "தீபாவளி முடியட்டும்" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கும் ஆதாரம் அடுத்தது. பே ஸ்லிப்பும் வங்கிக் கணக்கும் எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்: பேங்க் ஆப்பில் போய் 12 மாத ஸ்டேட்மெண்டை இறக்கி வையுங்கள். பே ஸ்லிப்பில் ஒரு தொகை, பேங்கில் ஒரு தொகை என்றால் இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதுங்கள். பேங்கில் முழுசாகப் போட்டுவிட்டு, அப்புறம் கையில் திருப்பி வாங்கும் கம்பெனியும் உண்டு. அப்படியென்றால் ஏடிஎம்மில் எடுத்த நாளும் தொகையும் ஸ்டேட்மெண்டில் தெரியும், யாரிடம் கொடுத்தீர்கள் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

கஷ்டமான பகுதி மணிக்கணக்கு. டைம் கார்டு கம்பெனியிடம் இருக்கும், உங்களிடம் இருக்காது. ஆனால் சைட்டில் வேலை செய்பவன் ஒரு நாளில் எத்தனை இடத்தில் தடம் விட்டுப் போகிறான் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்), அதற்கு ஒரு கையெழுத்துத் தாள். கேட்டில் முகத்தையோ விரலையோ காட்டி உள்ளே போவது. ராத்திரி கான்கிரீட் போட்ட அன்று க்ரூப்பில் போட்ட படம், படத்தின் மேல் நேரம். "நாளைக்கு 6 மணிக்கு லாரி" என்ற மெசேஜ். வீட்டுக்கு "இப்பத்தான் வேலை முடிஞ்சது" என்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். தனித்தனியாக இதெல்லாம் பலவீனம்தான். நோட்டில் தேதிவாரியாக எழுதி, எதிரில் எது சாட்சி என்று குறித்துவிட்டால் எடை வந்துவிடும்.

ஒரு தம்பியின் நோட்டை நான் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு, மூலையெல்லாம் சிமெண்ட் கறை. ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, சைட் பெயர், ஆரம்பித்த நேரம், சாப்பாட்டு இடைவேளை, முடிந்த நேரம். மழையில் வேலை நின்ற நாளில் "மழை, 2 மணி சும்மா" என்றுகூட எழுதியிருந்தார். வேலை இல்லாத நாளை இல்லை என்றே எழுதியிருந்தார். சமரசப் பேச்சில் கம்பெனி ஆள் அந்த நோட்டைப் புரட்டி, இரண்டு தேதியைத் தங்கள் டைம் கார்டோடு ஒத்துப் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. மூன்றாவதைப் பார்க்கவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், கூட்டி எழுதாதீர்கள். போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் போனதாக எழுதி, அது பொய் என்று தெரிந்துவிட்டால், மற்ற 300 நாளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஞாபகம் இல்லாத நாளை ஞாபகம் இல்லை என்று விட்டுவிடுங்கள். லாரியில் போன நேரத்தையும் வேலை செய்த நேரத்தையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். மாதம் 72 மணிக்கு மேல் ஓ.டி. செய்யவைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி "72-க்கு மேல் கணக்கில் வராது" என்று சில சூப்பர்வைசர்கள் சொல்வார்கள். வேலை வாங்கியிருந்தால் காசும் தர வேண்டும். அதனால் 80 மணி செய்திருந்தால் 80 என்றே எழுதுங்கள்.

இதுவரை நோட்டே போடவில்லையா? இன்று ராத்திரியிலிருந்து ஆரம்பியுங்கள். பழையதை மெசேஜ், படம், பேங்க் விவரம் வைத்து முடிந்த அளவு மீட்டெடுங்கள். ஆனால் அதை வேறு மை கொண்டு எழுதுங்கள், "பிறகு எழுதியது" என்று மேலே போடுங்கள். இது என் பழக்கம், இதுவரை யாரும் தப்பு சொன்னதில்லை.

எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். புகார் போனது தெரிந்த மறுநாளே க்ரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள், பழைய மெசேஜை "எல்லோருக்கும் அழி" என்று அழிப்பவர்களும் உண்டு. முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி. ஐபிஏ, பெர்மிட், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டிய பொருள், கம்பெனி பீரோவில் இல்லை. அப்புறம் சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்குள் நுழையும் மின்னடையாளக் கணக்கு) வேலை செய்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். ஆன்லைனில் புகார் பதிய அது வேண்டும், பழைய போன் நம்பரில் மாட்டிக்கொண்டு தவித்தவர்கள் பலர்.

இந்த நாட்களில் செய்யக் கூடாதவையும் உண்டு. கோபத்தில் வேலைக்குப் போகாமல் டார்மிட்டரியில் படுத்துவிடாதீர்கள், சொல்லாமல் எங்கும் போய்த் தங்காதீர்கள். "ஆள் ஓடிவிட்டான்" என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டால் சம்பளப் பிரச்சினைக்கு மேல் ஒரு பிரச்சினை வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுதாத தாளில், நேரம் நிரப்பாத டைம் கார்டில், "எல்லாச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்" என்ற பேப்பரில் கையெழுத்து வேண்டாம். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியையும், உண்மையில் கையில் வாங்கிய தொகையையும் தமிழிலேயே எழுதிப் படம் எடுத்துவிடுங்கள்.

கூட வேலை செய்பவர்களுக்கும் இதே குறை இருக்கும். சேர்ந்து போவது நல்லது, தைரியமும் வரும். ஆனால் கணக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஐந்து பேருக்கு ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தால், உள்ளே ஏதோ ஜோடனை இருக்கிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

இப்போது எங்கே போவது. சம்பளப் புகார்களைச் சமரசம் பேசித் தீர்க்கும் முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) அமைப்பு ஒன்று 2017 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, டாடம் என்று சொல்வார்கள். பெண்டமியர் ரோட்டில் உள்ள மனிதவள அமைச்சின் சேவை நிலையத்தில் பெரும்பாலும் பேச்சு நடக்கும். அங்கே முடியவில்லை என்றால் அதற்கான சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து நான்கு வாரத்துக்குள் வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இரண்டு பக்கமும் வக்கீல் வைக்க முடியாது. உங்களைப் போன்றவருக்கு இது பெரிய வசதி, ஆனால் பேச வேண்டியது நீங்களே. நோட்டுக்கு நான் இவ்வளவு நேரம் செலவழித்தது அதற்குத்தான்.

நேராக அங்கே போகத் தயக்கமாக இருந்தால் முதலில் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போங்கள். சிராங்கூன் ரோட்டில் இருக்கிறது, 6536 2692 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். டிடபிள்யூசி2, ஹோம் என்ற இரண்டு தொண்டு அமைப்புகளும் இந்த வேலையை 20 வருஷத்துக்கு மேலாகச் செய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் எப்படியும் வருவீர்கள், நோட்டையும் கொண்டு வாருங்கள். காசு கேட்டு "நான் எம்ஓஎம்மில் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

பேச்சுக்குக் கூப்பிடும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சமாளித்துவிடலாம் என்று இங்கிலீஷில் தலையாட்டாதீர்கள். போவதற்கு முன் மனதில் ஓர் எண்ணை முடிவு செய்துகொள்ளுங்கள். கம்பெனி 6,250-க்கு 3,000 தருகிறேன் என்றுதான் ஆரம்பிக்கும். எது வரை இறங்குவீர்கள், தவணையில் தந்தால் ஏற்பீர்களா என்பதை அந்த மேசையில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. ஒப்புக்கொண்டால் எழுத்தில், தேதியோடு வாங்குங்கள். அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் பதிந்தால் நீதிமன்ற உத்தரவுக்குள்ள பலம் வரும், அதை எப்படிச் செய்வது என்று அங்கேயே கேளுங்கள்.

பெர்மிட் பயத்துக்கு வருகிறேன். கம்பெனி நினைத்தால் பெர்மிட்டை ரத்து செய்யலாம் என்பது உண்மை, அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளப் புகார் நிலுவையில் இருக்கும் ஆளை அப்படியே விமானம் ஏற்றக் கூடாது. பெர்மிட் ரத்தானாலும் கேஸ் முடியும் வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். அதுவரை தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பு. ஆதாரமுள்ள புகார் என்றால் வேறு முதலாளி தேடிக்கொள்ள அனுமதிப்பதும் உண்டு. ஸ்பெஷல் பாஸில் இருக்கும்போது அனுமதி இல்லாமல் எங்கேயும் வேலைக்குப் போகாதீர்கள், இரண்டு நாள் கூலிக்கு ஆசைப்பட்டு எல்லாம் போய்விடும். திடீரென்று ராத்திரியில் சாங்கி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனால் குடிநுழைவு அதிகாரியிடம் "சம்பளம் வரவில்லை, புகார் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரியை இங்கிலீஷில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கசப்பான விஷயம். கேஸ் ஜெயித்தாலும் கம்பெனியிடம் காசு இல்லையென்றால் முழுத்தொகை கைக்கு வருவது கஷ்டம். பாதிச் சம்பளம் போட ஆரம்பித்த கம்பெனி பெரும்பாலும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கும். உங்களை அவசரப்படுத்துவது அதற்காகத்தான்.

வீட்டில் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள். ஒன்றிரண்டு மாதம் பணம் வராமல் போகலாம், வட்டிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர்கள் யோசித்து வைக்க வேண்டும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து மனைவிக்கு அனுப்புங்கள். அவர்கள் போனில் ஒரு பிரதி, ஒரு பிரிண்ட் போட்டு ஊர் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பிரதி. உங்கள் போன் சைட்டில் விழுந்து உடைந்தாலும் அந்த 12 மாதம் அங்கே பத்திரமாக இருக்கும்.